பத்தாங் காலியா, ரவாங்கா, செந்தூலா? இரண்டு அறை வீட்டுக்கு ஒரு வாடகைக் கணக்கு

கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் பத்தாங் காலியில் ஒரு மாடி வரிசை வீடு 800 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூருக்குள்ளேயே இருக்கும் செந்தூலில் இரண்டு அறை அபார்ட்மெண்ட் 1,700 வெள்ளி. வித்தியாசத்தைக் கேட்டதுமே வீட்டுப் பெரியவர்கள், "அங்கே போய் எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும், இங்கேயிருந்தே போய்வரலாமே" என்பார்கள். சில குடும்பங்களுக்கு அது சரியான யோசனை. சில குடும்பங்களுக்கு அதுதான் பெரிய நட்டம். உங்கள் குடும்பம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள வாடகையைப் பார்த்துப் பயனில்லை. காலையில் கோலாலம்பூருக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

கீழே வரும் வாடகை, கட்டணம் எல்லாம் கணக்குப் போடுவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் தாமானில் என்ன விலை போகிறதோ அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீடு. பத்தாங் காலி, தஞ்சோங் மாலிம் – போர்ட் கிள்ளான் கொமுட்டர் ரயில் தடத்தில் இருக்கிறது. போகவர ஒரு நாளைக்கு 15 வெள்ளி, மாதம் 22 நாள் என்று வைத்தால் 330. ஸ்டேஷன்வரை மோட்டாருக்கு 40. வாடகையோடு சேர்த்து மாதம் 1,170 வெள்ளி. செந்தூலில் 1,700 வாடகையும், 50 வெள்ளிக்குக் கிடைக்கும் மை50 மாதப் பயண அட்டையும் சேர்த்து 1,750. ஊரிலேயே இருந்தால் 580 வெள்ளி மிச்சம். ஆனால் அந்த மிச்சம் சும்மா வருவதில்லை. வாசலிலிருந்து அலுவலக நாற்காலிவரை, ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். செந்தூலிலிருந்து அரை மணி. அதாவது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கூடுதல், மாதத்துக்கு 66 மணி நேரம். 580ஐ 66ஆல் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 80 காசு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ரயிலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே அந்தக் கூலி கிடைக்கிறது என்றால் மோசமில்லை.

அதே வீட்டில் கணவன் மனைவி இருவரும் போகிறார்கள் என்று வையுங்கள். பத்தாங் காலி: 800, இரண்டு பேருக்கு 740, மொத்தம் 1,540. செந்தூல்: 1,700, இரண்டு அட்டைக்கு 100, மொத்தம் 1,800. வித்தியாசம் 260 வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கும் நேரம் 132 மணி. மணிக்கு 2 வெள்ளிகூடத் தேறாது. இந்த நிலையில் ஊரிலிருந்து போய்வருவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

காரில் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: போகவர சுமார் 100 கிலோமீட்டர், மாதம் 2,200. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் சின்னக் காருக்கு 157 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 மானியப் பெட்ரோல் விலையான 1 வெள்ளி 99 காசில் பார்த்தால் 313 வெள்ளி. டோலும் பார்க்கிங்கும் நாளைக்கு 15 என்றால் 330. சர்வீஸ், டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் 120 ஒதுக்குங்கள். இந்த 120ஐத்தான் எல்லாரும் மறப்பார்கள். வருடத்துக்கு 26,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காருக்கு நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், ஒன்றரை வருடத்தில் நான்கு டயரும் போய்விடும். ஆக 763. ஒருவர் தனியாக ஓட்டிப் போனால் செந்தூலைவிட மிச்சமாவது 187 வெள்ளிதான். இருவர் ஒரே காரில், ஒரே நேரத்தில், ஒரே பக்கம் போவதாக இருந்தால் மொத்தம் 1,563, கிட்டத்தட்ட ரயில் செலவேதான். ஆனால் ஒருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டால் போதும், இரண்டாவது காருக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு இந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

மை50 பற்றி ஒரு எச்சரிக்கை. 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்து எதில் வேண்டுமானாலும் அதைத் தட்டிவிட்டுப் போகலாம். கேடிஎம் கொமுட்டருக்குச் செல்லாது. பத்தாங் காலியிலிருந்து வருபவர் சுங்கை பூலோவில் இறங்கி எம்ஆர்டி மாறினால் இரண்டுக்கும் தனித்தனியே பணம். அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. சிவப்பு ஐசி வைத்திருக்கும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு இந்தச் சலுகை இல்லை, பூடி95 விலையும் இல்லை. தோட்டப்புறத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயணச் செலவை முழு விலையில் போடுங்கள்.

ரவாங், நடுவில் நிற்கும் ஊர். வாடகை 1,200, ரயில் போகவர 10 வெள்ளி, மோட்டாருக்கு 30 என்றால் ஒருவருக்கு 1,450, இருவருக்கு 1,700. இருவர் போகும் வீட்டுக்கு செந்தூலைவிட 100 வெள்ளிதான் குறைவு. பணத்துக்காக மட்டும் ரவாங்கைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பலன் இல்லை. அதற்கு வேறு இரண்டு பலன்கள் உண்டு. ஒன்று, அந்தக் காசுக்கு மூன்று அறை தரைவீடு கிடைக்கும். செந்தூலில் 1,700க்குக் கிடைப்பது இரண்டு அறைப் பெட்டி. இன்னொன்று ரயில். ரவாங்குக்கு வடக்கே வண்டிகள் குறைவு. பத்தாங் காலியில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்காகக் காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் அட்டவணையை நம்பவே முடியாது. ரவாங்கில் அந்த ஆபத்து பாதிதான்.

உண்மையில் ரவாங்கைத் தீர்மானிப்பது பாட்டிதான். பிள்ளையைப் பத்தாங் காலியில் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் ரவாங்கிலிருந்து காலையில் கொண்டுவிட்டுத் திரும்ப முடியும், கஷ்டப்பட்டாவது. செந்தூலிலிருந்து முடியாது. அங்கே குழந்தைப் பராமரிப்பு, பள்ளி வேன், பள்ளி முடிந்தபின் இருக்க ஒரு இடம் என்று மாதம் 400, 500 வெள்ளி புதிதாக முளைக்கும். அது முளைத்த உடனே மேலே போட்ட கணக்குத் தலைகீழாகும்: 1,800 என்பது 2,300 ஆகும். தமிழ்ப் பள்ளியை மட்டும் பார்த்தால் செந்தூல் சளைத்ததல்ல. தம்புசாமிப் பிள்ளைத் தமிழ்ப் பள்ளி அங்கேயே இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா இருக்கிறது. நடுவருடத்தில் மாற்றுவது மட்டும் தொல்லை. வீட்டு ஒப்பந்தத்தை ஜனவரியில் தொடங்க நினைத்தால் பள்ளித் தவணை எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒத்து வராத வருடங்கள் உண்டு.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, கோலாலம்பூரில் அறை மட்டும் எடுப்பது. வேலைக்குப் போகிறவர் திங்கள் முதல் வெள்ளிவரை அங்கே, குடும்பம் ஊரில். அறைக்கு 600, ஊர் வாடகை 800, வாரக்கடைசி ரயில் 65, ஆக 1,465. ரவாங் செலவும் இதே அளவுதான். ஆனால் இதில் தினமும் கடைச் சாப்பாடு சேராது. சேர்த்தால் ரவாங்கைத் தாண்டிவிடும். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஓர் இரண்டு அறை வீட்டையே எடுத்துவிட்டால் தலைக்கு 850, சமையலறையும் சொந்தம். அப்படி எடுக்கும்போது ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு இன்னொருவர் ஆறாவது மாதம் வேலை மாறிப் போய்விட்டால் முழு வாடகையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லாததால் "ஊரில் இருந்தால் பூஜ்ஜியம்" என்று எழுதிவிடுவார்கள். அந்த வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா 60 வயதில் ஓய்வு பெறும் நாளோடு வீடும் போகும். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்றால், மகன் இப்போது செந்தூலில் எடுக்கும் இரண்டு அறை வீட்டில் மூன்று வருடம் கழித்து அப்பா அம்மாவும் வந்து தங்க நேரும். இரண்டாவது அறை உண்மையிலேயே ஓர் அறைதானா என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கும்.

இரண்டு அறை என்று சொல்வதெல்லாம் இரண்டு அறை அல்ல

கோலாலம்பூரின் மலிவு விலை பிளாட்டுகளில் பல மூன்று அறை. இரண்டு அறை வீடு என்று தேடினால் முக்கால்வாசி வருவது புதிய சர்வீஸ் அபார்ட்மெண்ட். விளம்பரத்தில் "1+1" என்று போட்டிருந்தால் ஒரு படுக்கையறையும், கதவோ ஜன்னலோ இல்லாத ஒரு மூலையும் என்று பொருள். அந்த மூலையில் அலமாரி வைக்கலாம், ஆள் படுக்க முடியாது.

வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் எடுத்துப் போங்கள். குவீன் கட்டில் 5 அடி அகலம், 6 அடி 3 அங்குல நீளம். இரண்டாவது அறை 8க்கு 9 என்று வையுங்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பக்கத்தில் மிஞ்சுவது 3 அடி. அலமாரிக்கு 2 அடி ஆழம் போனால் மீதி 1 அடி, அலமாரிக் கதவைத் திறக்கவே இடமில்லை. அந்த அறைக்கு சிங்கிள் கட்டில்தான். அப்பா அம்மா வருவார்கள் என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை. அறை ஜன்னல் வெளியே திறக்கிறதா, நடுவில் இருக்கும் காற்றுக்குழியைப் பார்த்துத் திறக்கிறதா என்றும் பாருங்கள். காற்றுக்குழிப் பக்கம் என்றால் அலமாரியின் பின்பக்கம் ஆறு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே பிடித்ததா என்று தெரிய வேண்டுமானால் சுவரின் கீழ்மூலையில் புதுப் பெயின்ட் மட்டும் திட்டாகத் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

பகல் இரண்டு மணிக்கு ஏஜெண்டோடு போய்ப் பார்க்கும் வீடு அழகாகத்தான் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தனியாகப் போய் லிப்டுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கீழே நின்று பாருங்கள். முப்பது மாடிக்கு இரண்டு லிப்ட் ஓடி, ஒன்று பழுதாகி நின்றால், நீங்கள் ரயில் பயணத்தில் மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். இரவு எட்டு மணிக்குக் குழாயைத் திறந்து பார்க்கவும் கேளுங்கள். மேல் மாடிகளில் எல்லாரும் குளிக்கும் நேரத்தில்தான் தண்ணீர் அழுத்தம் தெரியும்.

அடுப்பைக் கட்டாயம் கேளுங்கள். சில கட்டடங்களில் கேஸ் தோம்பு கொண்டுவர அனுமதி இல்லை. குழாய் கேஸ் அல்லது மின் அடுப்பு மட்டும்தான். ஊரில் 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசுக்கு வாங்கிச் சமைத்துப் பழகிய வீட்டில், மின் அடுப்பில் மூன்று வேளையும் சமைத்தால் மாதக் கடைசியில் தெனாகா பில்லில் தெரியும். அரிசி மாவு ஆட்டும் கிரைண்டர் இரவு பத்து மணிக்கு ஓடினால் கீழ்வீட்டிலிருந்து புகார் வரும். சாமி மேடையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டலாமா என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைத் திருப்பும் நாளில் துளையைக் காட்டி டெபாசிட்டைக் கழிப்பார்கள்.

சர்வீஸ் அபார்ட்மெண்ட் வணிக நிலத்தில் கட்டியது என்பதால் மின்சாரம், தண்ணீர் எந்தக் கட்டண வகையில் வருகிறது என்று முன்பிருந்தவர் கட்டிய பழைய பில்லைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு வகையா வணிக வகையா என்பது பில்லிலேயே அச்சாகியிருக்கும். காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பலர் கவனிக்காத ஒன்று பராமரிப்புக் கட்டணம். அதை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும், வழக்கமாக உங்கள் ஒப்பந்தத்தில் வராது. ஆனால் அவர் கட்டாமல் விட்டால் அடி உங்களுக்குத்தான். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ், 2015இல் வந்த விதிமுறைகளில், பாக்கி வைத்த வீட்டின் நுழைவு அட்டையை முடக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. வாடகை ஒழுங்காகக் கட்டியவர் இரவு கார் கேட்டுக்கு வெளியே நிற்கும் காட்சி இதனால்தான். கையெழுத்துக்கு முன், நிர்வாக அலுவலகத்திலிருந்து அந்த யூனிட்டின் கடைசிப் பராமரிப்பு அறிக்கையை வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலைதான்.

இன்னும் மலிவாக ஒன்று காதில் விழும்: பிபிஆர் என்னும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு. கோலாலம்பூரில் மாநகராண்மைக் கழகத்தின் பிபிஆர் வாடகை 124 வெள்ளி, மூன்று அறை. அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் கொடுப்பது, உள்வாடகைக்கு விடக்கூடாது. யாராவது "பிபிஆர் வீடு, 700 வெள்ளி, சாவி இப்போதே" என்றால் அது உள்வாடகை. சோதனை வந்தால் உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது, கட்டிய டெபாசிட்டைக் கேட்க ஆளும் இருக்காது.

"இந்தியருக்கு இல்லை"

விளம்பரத்தில் எழுதாவிட்டாலும் போனில் கேட்கும் முதல் கேள்வி இனம்தான். வாடகைக்கு விடுகிறவர் இனம் பார்த்து மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. வாடகை வீட்டுச் சட்டம் என்று பேச்சு பல வருடமாக நடக்கிறது, இன்னும் சட்டமாகவில்லை. அதனால் மூன்று வாரத்துக்கு ஒதுக்கிய வீடு தேடும் நேரத்தை ஐந்து வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கப் பெட்ரோல் செலவழித்துப் போவதற்கு முன்பே வாட்ஸ்ஆப்பில் எத்தனை பேர், என்ன வேலை, இந்தியக் குடும்பம் என்று போட்டுவிட்டுப் பதில் வந்த பிறகு கிளம்புவது நல்லது. ஒளித்து வைத்துப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிட அது சுலபம். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும் கையோடு இருந்தால் தயங்குகிற சிலர் சம்மதிப்பார்கள். ஐசி நகல் கொடுக்கும்போது குறுக்கே "வீட்டு வாடகைக்கு மட்டும்" என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செகாம்புட், பத்துமலைப் பக்கம் நம்மவர்கள் வைத்திருக்கும் வீடுகள் அதிகம். விளம்பரத்துக்கு வராமலே கோயில் நோட்டீஸ் பலகையிலும் மளிகைக் கடையிலும் கைமாறும். ஊரிலேயே தெரிந்தவர் மூலம் கேட்டுப் பார்க்க வேண்டியதும் அதனால்தான்.

முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டியது

வழக்கம் "இரண்டு, ஒன்று, அரை": இரண்டு மாதப் பாதுகாப்பு டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, அரை மாதத் தண்ணீர் மின்சார டெபாசிட். செந்தூலுக்கு 3,400, 1,700, 850, மொத்தம் 5,950 வெள்ளி. ரவாங்குக்கு 4,200. பத்தாங் காலிக்கு 2,800. செந்தூலுக்கு இதற்கு மேல் நுழைவு அட்டை டெபாசிட், லாரி, முத்திரை வரி எல்லாம் சேர்ந்தால் 6,500 இல்லாமல் கிளம்பாதீர்கள். இபிஎப் சேமநிதியின் அக்கவுன் பிளெக்சிபலில் இருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 மே முதல் அதில் 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். டெபாசிட் திரும்பி வரும்போது அது இபிஎப்புக்குப் போவதில்லை, சோபா கடைக்குத்தான் போகும்.

ஏஜெண்ட் என்றால் பதிவு பெற்றவர் என்பதைக் காட்டும் சிவப்பு நிற ஆர்இஎன் அட்டை கழுத்தில் இருக்க வேண்டும், எண்ணை ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். கமிஷனை வீட்டுக்காரர் கொடுப்பதுதான் வழக்கம். வீட்டைப் பார்க்கும் முன்பே "புக்கிங்" என்று தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் அந்தக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள். நாளை காலை அழைக்கலாம் என்றிருந்தால் பணம் இரண்டு கணக்கு தாண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். பழுது: சின்னப் பழுதில் முதல் 100 அல்லது 200 வெள்ளி குடியிருப்பவர் கட்ட வேண்டும் என்று வைப்பார்கள். பொருள் எது என்று கேளுங்கள். பழைய ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் அதில் அடங்கினால் மறுக்கலாம். முன்கூட்டி விலகல்: ஒரு வருடம் முடிந்தபின் இரண்டு மாத அறிவிப்பில் போகலாம் என்ற வரி இல்லையென்றால் வேலை மாறினால் மாட்டிக்கொள்வீர்கள். இன்டர்நெட் 24 மாத ஒப்பந்தம், வீடு 12 மாதம் என்று முரணாக எடுத்துவிட்டு அபராதம் கட்டுகிறவர்களும் இதே ரகம். மூன்றாவது, காலி செய்யும்போது ஏர்கோன் கெமிக்கல் கழுவல் யார் செலவு என்பது.

முத்திரை வரி சின்னத் தொகை, தவறவிட்டால் பெரிய தலைவலி. 2025 ஜனவரி முதல் முன்பிருந்த 2,400 வெள்ளி விலக்கு இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு, வருட வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம்வரை என்றால் 3 வெள்ளி. 1,700 வாடகைக்கு வருடம் 20,400. 250ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமைப்படுத்தினால் 82. ஆக ஒரு வருடத்துக்கு 82 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 246. இரண்டாவது பிரதிக்கு 10. கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்ட வேண்டும். தாமதித்தால் மூன்று மாதம்வரை 50 வெள்ளி அல்லது 10 விழுக்காடு, அதற்கு மேல் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு, இரண்டில் எது கூடுதலோ அது. 2026 ஜனவரி முதல் வாடகை ஒப்பந்தத்துக்குச் சுயமதிப்பீடு என்பதால் தொகையை நீங்களே சரியாகப் போட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக எடுக்காது. 92 வெள்ளியை மிச்சம் பிடித்து 3,400 வெள்ளி டெபாசிட்டுக்கான பாதுகாப்பை இழக்காதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டுக்காரரையோ ஏஜெண்டையோ பக்கத்தில் நிற்க வைத்து மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைப் போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலை, தரை ஓட்டில் விரிசல், சிங்க் அடியில் கசிவு, கதவுப் பூட்டு, கழிவறைப் பிளஷ். நாற்பது ஐம்பது படம் ஆகும். அன்றே வாட்ஸ்ஆப்பில் அவருக்கு அனுப்புங்கள். தேதி தானாகப் பதிந்துவிடும். உங்கள் போனில் மட்டும் இருக்கும் படத்தை "எப்போது எடுத்தது" என்று கேட்பார்கள்.

குடியிருக்கும்போது வாடகை பாக்கி என்று காரணம் சொல்லி வீட்டுக்காரர் பூட்டை மாற்றவோ மின்சாரத்தை நிறுத்தவோ வந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. அதேபோல அவருக்கும் வாடகைப் பாக்கியை நீதிமன்றம் மூலம் பொருள் ஜப்தி செய்து வசூலிக்க 1951ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் கட்டாமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது பரவலான பழக்கம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றால் அந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றாது.

காலி செய்தபின் டெபாசிட் வராவிட்டால் முதலில் தொகையும் தேதியும் போட்டு 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம், பதிவுத் தபாலில். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவு. 5,000 வெள்ளிவரை, வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் எண் படிவத்தை நிரப்பி நீங்களே போடலாம். செந்தூல் வீட்டின் 3,400 பாதுகாப்பு டெபாசிட்டும் 850 மின்சாரத் தண்ணீர் டெபாசிட்டும் சேர்ந்தால் 4,250, வரம்புக்குள் அடங்கும். முத்திரை வைத்த ஒப்பந்தம், பணம் கட்டிய வங்கி ரசீது, முதல் நாள் போட்டோக்கள், கடைசி நாள் போட்டோக்கள், தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வைத்தால் மாஜிஸ்திரேட் ஒரு பார்வையில் பார்த்துவிடுவார்.